6 வயது மகளுக்கு முழங்கைக்கு மேலே முறிவு, கம்பி போடணும் என்கிறார்கள்: சம்மதிக்கலாமா? (பெங்களூர்)

அல்சூர்ஏரி | சனி, இரவு 9.52

அவசரம், நீளமாக எழுத நேரமில்லை. மகளுக்கு 6 வயது. மாலை ஆறு மணிக்கு அபார்ட்மெண்ட் திடலில் தொங்கு கம்பியிலிருந்து கை ஊன்றி விழுந்தாள். இடது கை. தூக்கியபோதே முழங்கை எஸ் எழுத்துபோல வளைந்திருந்தது. வீடு வருவதற்குள் நல்ல வீக்கம். பக்கத்திலிருக்கும் தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "சூப்ராகாண்டைலர், டைப் 3. மயக்கம் கொடுத்து உடனே எலும்பைச் சேர்த்துக் கம்பி போட வேண்டும்" என்கிறார்கள்.

ஊரிலிருந்து அம்மா போன் மேல் போன். குழந்தை எலும்பு பச்சை மூங்கில் மாதிரி, தானாகக் கூடிவிடும், கத்தி வைக்க விடாதே என்று அழுகிறார். மாமனார், "காரை எடு, விடிவதற்குள் ஆந்திராப் புத்தூருக்கு, எலும்புக் கட்டுக்குப் போய்விடலாம்" என்று செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார். எக்ஸ்ரே படம் கீழே. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

[மட்டுறுத்துநர்: படத்தில் குழந்தையின் பெயரும் மருத்துவமனை எண்ணும் தெரிந்ததால் நீக்கிவிட்டோம். மறைத்துவிட்டு மறுபடி போடலாம்.]

பழையகேஜிஎஃப் | இரவு 10.04

தம்பி, பதறாதீங்க. நான் தங்கவயல்காரன். சின்ன வயதில் மணிக்கட்டுக்கு மேலே முறிந்தது. பச்சிலை அரைத்துப் பூசி மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார்கள். அறுபது தாண்டிவிட்டது, இன்றைக்கும் இந்தக் கையால்தான் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி மாட்டுகிறேன். குழந்தைக்குக் கம்பியெல்லாம் எதற்கு?

ரசீது | இரவு 10.09

சனிக்கிழமை ராத்திரி, தனியார் மருத்துவமனை, "உடனே ஆபரேஷன்". மூன்றும் சேர்ந்தால் எனக்கு மூக்கு வேர்க்கும். இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எலும்புப்பையன் | இரவு 10.15

எலும்பு முறிவுப் பிரிவில் பயிற்சி மருத்துவன், பெங்களூர்தான். வாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இப்போது குழந்தையின் விரல்களைப் பாருங்கள். சூடாக இருக்கிறதா, சிவப்பாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா? மணிக்கட்டில் நாடி கிடைக்கிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

அடுத்தது ஒரு விளையாட்டு. கல், காகிதம், கத்தரி செய்யச் சொல்லுங்கள், கடைசியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு 'ஓகே' வட்டம். நான்கும் நான்கு நரம்புக் கிளைகளுக்கான சோதனை. வலியில் கிடக்கும் குழந்தையிடம் "நரம்பைப் பரிசோதிக்கிறேன்" என்றால் கையை இழுத்துக்கொள்ளும். விளையாட்டு என்றால் செய்யும்.

அப்புறம், வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள். பிஸ்கட்கூட வேண்டாம். கடைசியாக எப்போது சாப்பிட்டாள்?

அல்சூர்ஏரி | இரவு 10.31

விரல்கள் சூடாக இருக்கின்றன, ரோஸ் நிறம்தான். நாடி இருக்கிறது என்று நர்ஸ் சொன்னார். கல், காகிதம், கத்தரி மூன்றும் மெதுவாகச் செய்தாள். ஓகே மட்டும் வரவில்லை. வட்டமாக வளையாமல், உப்பைக் கிள்ளி எடுப்பதுபோல இரண்டு விரலும் தட்டையாக ஒட்டுகின்றன. ஐந்து மணிக்குத் தயிர்சாதம் சாப்பிட்டாள். இது பயப்பட வேண்டியதா?

எலும்புப்பையன் | இரவு 10.48

பயம் வேண்டாம், கவனம் வேண்டும். முன்கையின் ஆழத்தில் ஓடும் ஒரு நரம்புக் கிளை முறிந்த எலும்பின் முனையில் இழுபட்டிருக்கிறது. இந்த முறிவில் அடிக்கடி அடிபடுவது அதுதான். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகத் திரும்பிவிடும். ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே இது இருந்தது என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குக் கம்பி போட்டதால் வந்ததா, விழுந்ததால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. இப்போதே போய்ச் சொல்லுங்கள்.

புத்தூர் விஷயம். பெரியவர் மனம் நோகச் சொல்லவில்லை, ஆனால் இந்த முறிவோடு இந்த இரவில் நான்கைந்து மணி நேரக் கார்ப் பயணம் வேண்டவே வேண்டாம். தோளிலிருந்து வரும் எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே தட்டையாகி, முன்னும் பின்னும் குழி விழுந்து, நடுவில் தகடு மாதிரி மெலிந்திருக்கும். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் கை ஊன்றி விழுந்தால் முழங்கை பின்பக்கமாக வளைந்து அந்தத் தகட்டில் ஒடிகிறது. அமெரிக்க மருத்துவர் கார்ட்லண்ட் 1959-இல் இதை மூன்று வகையாகப் பிரித்தார். முதல் வகை நகராத விரிசல், மாவுக்கட்டு போதும். இரண்டாவது சாய்ந்திருக்கும், பின்பக்க ஓடு மட்டும் ஒட்டியிருக்கும். (ஓடு என்று நான் சொல்வது எலும்பின் கெட்டியான வெளிச்சுவரை.) மூன்றாவதில் இரண்டு துண்டும் முழுதாகப் பிரிந்துவிடும். பிரிந்த மேல்துண்டின் கூர்முனைக்கு நேர் முன்னால்தான் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஓடுகிறது. கார் ஒவ்வொரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் அந்த முனை எங்கே குத்துமோ, தெரியாது.

ரசீது | இரவு 11.02

அதையும் கட்டுப் போட்டு நிறுத்தலாமே. ஏன் கம்பி?

எலும்புப்பையன் | இரவு 11.20

நிறுத்தலாம், முன்பு அப்படித்தான் செய்தார்கள். சேர்த்த எலும்பு நழுவாமலிருக்க முழங்கையை நன்றாக மடக்கி வைத்துக் கட்ட வேண்டும். வீங்கிய கையை மடக்கினால் முன்கைத் தசைகளுக்குள் அழுத்தம் ஏறும், ரத்த ஓட்டம் நெரிபடும், சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும். அப்புறம் அது நார் நாராகச் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஜெர்மனியின் வோல்க்மன் 1881-இல் இதை விவரித்தார், இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். கம்பி போட்டால் முழங்கையை மடக்கத் தேவையில்லை, தளர்வாக வைக்கலாம். கம்பியின் வேலை எலும்பைப் பிடிப்பது மட்டும் என்று நினைக்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, கையை மடக்காமல் வைக்க அது தரும் சுதந்திரம்.

கம்பி என்றதும் கட்டிடக் கம்பி ஞாபகம் வருகிறது எல்லோருக்கும். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கனம்தான். தோலைக் கிழிக்காமல் குத்தி உள்ளே விடுவார்கள், வெளிமுனையை வளைத்து விட்டுவிடுவார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கத்தியே படாது.

பழையகேஜிஎஃப் | இரவு 11.27

அப்படியென்றால் எங்கள் காலத்தில் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் எல்லாம் கை விளங்காமலா போனார்கள், டாக்டர் தம்பி?

கோணக்கை | இரவு 11.41

ஐயா, நான் ஒருத்தி இருக்கிறேன். என் பெயரைப் பார்த்தாலே தெரியும்.

ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். ஏழு வயதில் திண்ணையிலிருந்து விழுந்தேன், இதே முறிவு. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் வந்து இழுத்துக் கட்டினார். எலும்பு கூடியது, வலி போனது, அவருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தோம். கட்டைப் பிரித்து ஒரு வருஷம் கழித்துத்தான் அம்மா கவனித்தாள்: கையைத் தொங்கவிட்டால் முன்கை இடுப்பைப் பார்த்துச் சாய்கிறது. துப்பாக்கியின் கட்டைப் பகுதி மாதிரி. கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது.

வேலைக்கு ஒரு குறையும் இல்லை. மாவு பிசைகிறேன், ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். ஆனால் பதினாறு வயதில் எடுத்த படங்களில் எல்லாம் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருக்கிறேன். பெண் பார்க்க வந்தபோது பெரியம்மா, "முழுக்கை ரவிக்கை போடு" என்றாள், மே மாதத்தில். அதற்காக ஆபரேஷன் செய்துகொள் என்று சொல்லவில்லை. கட்டுப் போட்டவர்கள் எல்லாரும் நன்றாக இருந்தார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். நன்றாக இருப்பவர்கள் கையை ஆட்டிக் காட்டுவார்கள். என் போன்றவர்கள் முந்தானையால் மூடிக்கொள்வோம்.

எலும்புப்பையன் | இரவு 11.55

நன்றி அக்கா. ஐயாவின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவருடைய முறிவு மணிக்கட்டுக்குப் பக்கம். அங்கே வளர்ச்சி அதிகம், கோணலாகக் கூடினாலும் வளர வளர எலும்பு தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும். மேல்கை எலும்பில் கதையே வேறு. அது நீளுவதில் சுமார் 80 சதவீதம் தோள் முனையில் நடக்கிறது, முழங்கை முனைக்கு 20 சதவீதம்தான். அதனால் இங்கே, அதுவும் பக்கவாட்டுக் கோணலை, வளர்ச்சி திருத்தாது. "குழந்தை எலும்பு தானாகச் சரியாகும்" என்று பாட்டி சொன்னது பொய்யில்லை. அவர் பார்த்தது மணிக்கட்டு.

நகராத முறிவை யார் கட்டினாலும் கூடும், நானும் அங்கே மாவுக்கட்டுதான் போடுவேன். கட்டுக்காரர்களின் நல்ல பெயரில் பாதி அங்கிருந்து வருகிறது.

அல்சூர்ஏரி | ஞாயிறு, காலை 12.20

டாக்டர் வந்தார். நரம்பு விஷயத்தை எழுதிவிட்டார். கையை ரொம்ப மடக்காமல், 30 டிகிரி இருக்கும், பின்னால் ஒரு பலகை மாதிரி வைத்துத் தளர்வாகக் கட்டித் தலையணைமேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் காலை ஆறரைக்கு என்கிறார். மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டார்.

ரசீது | காலை 12.26

பாருங்கள்! ராத்திரி "உடனே", இப்போது "காலையில்". அவசரமா இல்லையா?

எலும்புப்பையன் | காலை 12.40

இது நியாயமான கேள்வி. கை வெளுத்து நாடி இல்லாமல் வந்திருந்தால் நள்ளிரவிலேயே தியேட்டருக்குள் போயிருப்பார்கள். தோல் கிழிந்திருந்தாலும், வீக்கம் கட்டுக்கடங்காமல் ஏறினாலும் அப்படித்தான். நாடி இருக்கிறது, விரல் சூடாக இருக்கிறது என்றால் தூங்கி எழுந்த டாக்டரும் முழு ஆள்பலமும் இருக்கும் காலைநேரம் மேல். மயக்க மருந்துக்குத் திட உணவு சாப்பிட்டு ஆறு மணி நேரம் ஆக வேண்டும், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம். அடிபட்ட குழந்தைக்கு வயிறு மெதுவாகத்தான் காலியாகும். அந்தத் தயிர்சாதம் இன்னும் உள்ளேயே இருக்கலாம்.

அல்சூர்ஏரி, ஒன்று மட்டும். ராத்திரி வலி மருந்து கொடுத்தும் அடங்காமல் அழுகை கூடிக்கொண்டே போனால், விரலை மெதுவாக நீட்டினாலே துடித்தால், "குழந்தை அடம்பிடிக்கிறது" என்று விடாதீர்கள். நர்ஸை எழுப்புங்கள். தசைக்குள் அழுத்தம் ஏறுவதைக் குழந்தை அப்படித்தான் சொல்லும். பணம் கவலையாக இருந்தால் ஜெயநகரில் சஞ்சய் காந்தி எலும்பு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இப்போது இருக்கும் இடத்தில் குழந்தைகளுக்குக் கம்பி போட்டுப் பழகிய டாக்டரும் சி-ஆர்ம் கருவியும் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டுவது) இருந்தால் நகர்த்தாமல் இருப்பதே நல்லது.

அல்சூர்ஏரி | ஞாயிறு, பிற்பகல் 2.15

முடிந்தது. முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சம்மதப் படிவம் கன்னடத்தில் இருந்தது, கோலார் பக்கத்து நர்ஸ் ஒருவர் பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் வரிவரியாகப் படித்துச் சொன்னார். அவருக்குக் கும்பிடு. வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு கம்பி, தையல் ஒன்றுகூட இல்லை. டாக்டர் புது எக்ஸ்ரேயில் ஸ்கேல் வைத்துக் காட்டினார்: மேல்கை எலும்பின் முன்பக்கமாக ஒரு கோடு கீழே இழுத்தால் நுனியில் இருக்கும் சின்ன உருண்டை எலும்பின் நடுவே போக வேண்டுமாம். நேற்றைய படத்தில் கோடு உருண்டையைத் தொடாமல் முன்னால் போனது. இன்று நடுவே போகிறது. அந்த ஒரு கோட்டைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஒரு சந்தேகம். ஆபீஸில் ஒருவர் பையனுக்கு இரண்டு பக்கமும் குறுக்காகக் கம்பி போட்டார்களாம். "ஒரு பக்கம் மட்டும் போட்டால் ஆடாதா?" என்று பயமுறுத்துகிறார்.

எலும்புப்பையன் | மாலை 6.40

எலும்பு டாக்டர்கள் கூடும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுப் போனால் காபி ஆறும்வரை சண்டை நடக்கும். குறுக்காகப் போட்டால் முறுக்கு விசையைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், உண்மை. ஆனால் முழங்கையின் உள்பக்கம், இடித்தால் 'ஷாக்' அடிக்குமே, அந்த நரம்பு அங்கேதான் ஓடுகிறது. உள்பக்கக் கம்பி அதைக் குத்தலாம், இழுக்கலாம். அதனால் பலர் வெளிப்பக்கத்திலிருந்தே இரண்டு, தேவைப்பட்டால் மூன்று கம்பியை விசிறிபோல விரித்துப் போடுகிறார்கள். முறிவுக் கோட்டைக் கடக்கும் இடத்தில் கம்பிகள் விலகி இருந்தால் போதும், பிடிப்பு நன்றாகவே இருக்கும். முறிவு உள்பக்கம் நொறுங்கியிருந்தால் நானே உள்பக்கக் கம்பியைக் கேட்பேன், ஆனால் சின்னதாகக் கீறி நரம்பைப் பார்த்துவிட்டு. ஆக, அவர் பையனுக்கும் தப்பில்லை, உங்கள் மகளுக்கும் தப்பில்லை.

1948-இலேயே ஸ்வென்சன் என்பவர் இந்த முறிவுக்குக் கம்பி போட்டு எழுதியிருக்கிறார். கம்பிக்குப் பெயர் தந்த கிர்ஷ்னர் அதைக் கொண்டுவந்தது 1909-இல். ரசீது அண்ணன், புது வியாபாரம் இல்லை இது.

ரசீது | மாலை 6.58

சரி, சரி. பில்லை மட்டும் வரிவரியாகக் கேட்டு வாங்குங்கள். கம்பி விலையைப் பார்த்தால் சிரிப்பு வரும், தியேட்டர் வாடகையைப் பார்த்தால் அழுகை வரும்.

ஹெச்எஸ்ஆர்_அம்மா | திங்கள், காலை 11.30

இழையை முழுக்கப் படித்தேன். நீங்கள் பெரிய முறிவுக்குப் பயப்படுகிறீர்கள். நான் சின்ன முறிவால் அழுதவள், அதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும்.

என் பையன் சைக்கிளிலிருந்து விழுந்தபோது ஐந்து வயது. வீக்கம் அதிகமில்லை, வெளிப்பக்கம் மட்டும். ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருந்தவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, "சின்ன விரிசல், கட்டுப் போட்டிருக்கிறேன், மூன்று வாரம் கழித்து வாங்க" என்றார். நிம்மதியாக வந்தோம். பையன் ஒரு கையால் வீட்டையே புரட்டினான், வலியே இல்லை. மூன்று வாரத்தில் பிரித்துப் படம் எடுத்தால் துண்டு விலகித் திரும்பியிருக்கிறது. வேறு டாக்டரிடம் ஓடினோம். ஐந்தாவது வாரம் கையைத் திறந்து ஆபரேஷன். இன்றைக்கும் முழுதாக நீட்ட ஒரு கால்வாசி குறைகிறது. என் மனதில் நிற்பது ஒன்றுதான்: ஒரு வாரத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

எலும்புப்பையன் | திங்கள், இரவு 9.10

அம்மா, இதை நீங்கள் எழுதியது நல்லது. நாங்கள் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். வெளிப்பக்கக் குமிழ் முறிவு, லேட்டரல் காண்டைல் என்போம். முழங்கையைச் சுற்றிக் குழந்தைகளுக்கு வருவதில் இரண்டாம் இடம்.

பார்க்கச் சின்னதாகத் தெரிவதற்குக் காரணம், அந்த வயதில் முழங்கையில் பெரும்பகுதி குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. படத்தில் தெரியும் கீற்று நகம் அளவு, உண்மையில் பெயர்ந்தது மூட்டின் வழவழப்பான பரப்பையும் சேர்த்து ஒரு பெரிய துண்டு. முழங்கையில் ஆறு இடங்களில் எலும்புக் கருக்கள் ஒரு வயது முதல் பதினொன்று வரை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். எது முளைக்க வேண்டிய கரு, எது உடைந்த துண்டு என்று இரவு ஒரு மணிக்குப் பார்த்துச் சொல்வது எளிதில்லை. சந்தேகம் வந்தால் கையைச் சாய்த்து வைத்து இன்னொரு படம், தேவைப்பட்டால் மறுகையின் படமும்.

அடுத்த சிக்கல், முன்கைத் தசைகள் அந்தத் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், மூட்டுத் திரவம் முறிவுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். சூப்ராகாண்டைலர் மூன்று வாரத்தில் கூடிவிடும், இது அடம்பிடிக்கும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பொதுவாகக் கம்பி போடுவோம். அதிகம் விலகியிருந்தால் திறந்து, மூட்டுப் பரப்பு மேடுபள்ளமில்லாமல் சேர்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான். கம்பியும் நாலு முதல் ஆறு வாரம் இருக்கும். விலகாதது என்று கட்டுப் போட்டு அனுப்பினாலும் முதல் வாரத்திலேயே மறுபடி படம் எடுக்க வேண்டும். கூடாமல் விட்டால் கை வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும், இருபது முப்பது வருஷம் கழித்து உள்பக்க நரம்பு இழுபட்டுச் சுண்டுவிரல் மரத்துப்போகும்.

தாராவி2பெல்லந்தூர் | செவ்வாய், காலை 8.15

இடையில் நுழைகிறேன். ரெண்டு வயசுப் பெண் குழந்தை. நேற்று ரோடு கடக்கும்போது கையைப் பிடித்து இழுத்தேன், அதிலிருந்து கையைத் தூக்க மாட்டேன் என்கிறாள். வீக்கம் இல்லை. இதுவும் முறிவா?

எலும்புப்பையன் | காலை 8.31

விழவில்லை, வீக்கமில்லை, இழுத்ததில் வந்தது என்றால் ஆரை எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு) தலை, முழங்கையில் அதைப் பிடித்திருக்கும் வளையத்திலிருந்து நழுவியிருக்கும். டாக்டர் ஒரு திருப்புத் திருப்பினால் பத்து நிமிஷத்தில் பொம்மையை எடுப்பாள். இன்றே காட்டுங்கள், நீங்களே யூடியூப் பார்த்துத் திருப்பாதீர்கள்.

தாராவி2பெல்லந்தூர் | காலை 11.05

சாக்லேட்டை அந்தக் கையால்தான் வாங்கினாள். நன்றி.

அல்சூர்ஏரி | நான்கு வாரம் கழித்து

கம்பி எடுத்தாகிவிட்டது. மயக்கம் இல்லை, ஊசி இல்லை, ஓபியிலேயே இடுக்கி போன்ற ஒன்றால் இழுத்தார். "சீப்பில் முடி சிக்கினால் இழுக்குமே, அந்த மாதிரி" என்று மகள் சொன்னாள். கம்பியை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு கம்பியின் வாயில் இரண்டாம் வாரம் லேசாக நீர் வந்தது. மாத்திரையில் அடங்கியது.

புதுப் பிரச்சினை. முழங்கை பாதிதான் நீள்கிறது. அம்மா ஊரிலிருந்து வந்துவிட்டார், கையில் வேப்பெண்ணெய், நல்லெண்ணெய், இன்னும் பெயர் தெரியாத ஒரு பச்சை எண்ணெய். தினமும் நீவி இழுத்துவிட்டால் சரியாகும் என்கிறார். பிசியோதெரபிக்கும் போக வேண்டுமா?

மூட்டுவேலை | அன்று இரவு

பிசியோதெரபி என் பிழைப்பு, அதனால் நான் சொன்னால் நம்புவீர்கள்: இந்த முறிவுக்குப் பெரும்பாலான குழந்தைகளுக்கு நாங்கள் தேவையில்லை. குளிக்கும்போது, சாப்பிடும்போது, பொம்மையை எடுக்கும்போது அந்தக் கையை விட்டாலே போதும். முதல் சில வாரங்களில் வேகமாகத் திரும்பும், அப்புறம் மெல்ல மெல்ல, கடைசிச் சில டிகிரி ஆறு மாதம், ஒரு வருஷம்கூட எடுக்கும். வாளியில் தண்ணீர் நிரப்பிக் கப்பால் ஊற்றி விளையாட விடுங்கள், அதைவிட நல்ல பயிற்சி என்னிடம் இல்லை.

நீவி இழுப்பது மட்டும் கூடாது. அடிபட்ட முழங்கையைப் பலவந்தமாக இழுத்தால் சுற்றியுள்ள தசைக்குள் புது எலும்பு படியும், மூட்டு இன்னும் இறுகும். எண்ணெய் வேண்டுமென்றால் பாட்டி உச்சந்தலையில் வைத்துவிடட்டும், அவருக்கும் மனம் நிறையும்.

பழையகேஜிஎஃப் | அன்று இரவு

தம்பி, அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டுப் போகாமல் இருந்தீர்களே, நல்லது. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. குழந்தைக்கு என் ஆசீர்வாதம். ஆனாலும் என் கை நன்றாகத்தான் இருக்கிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அல்சூர்ஏரி | பத்தாவது வாரம்

நேற்று ராத்திரி சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து திடீரென்று "அப்பா, ஓகே" என்று காட்டினாள். வட்டம் முழு வட்டம். மனைவி தோசையைக் கருக விட்டுவிட்டாள். நீட்டுவதில் இன்னும் ஒரு விரற்கடை குறைகிறது, இரண்டு கையையும் தொங்கவிட்டால் ஒரே மாதிரி தொங்குகின்றன. அந்தத் தொங்கு கம்பிக்குக் கீழே மணல் கொட்டும்படி அசோசியேஷனில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள், அந்தக் கூட்டம் இன்னும் நடக்கவில்லை.

கோணக்கை | மறுநாள்

ரொம்ப சந்தோஷம் தம்பி. என் மகனுக்கு உங்கள் இழையைப் படித்துக் காட்டினேன்.

எலும்புப்பையன் தம்பிக்கு ஒரு கேள்வி, இழைக்குச் சம்பந்தமில்லாமல் இருந்தால் மன்னிக்கவும். முன்னே ஹெச்எஸ்ஆர் அம்மாவுக்கு நீங்கள் எழுதியதில் சுண்டுவிரல் மரத்துப்போகும் என்று ஒரு வரி இருந்தது. எனக்கு வெளிப்பக்கம் சாயவில்லை, உள்பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ஆனால் இந்த ஆடி மாதத்திலிருந்து போனைக் காதில் வைத்துப் பேசினால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் விறுவிறுக்கின்றன. வயசு 46. கால்சியம் குறைவு என்று நானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எலும்புப்பையன் | அன்று இரவு 10.50

அக்கா, சம்பந்தம் இருக்கிறது. உள்பக்கம் சாய்ந்த கையிலும் வருஷங்கள் கழித்து அதே நரம்பு அழுத்தப்படுவது உண்டு. முழங்கையை மடக்கி வைத்திருக்கும்போது விறுவிறுப்பது அதற்கு ஒத்துவருகிறது. கழுத்திலிருந்தும் வரலாம், அதனால் நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். நரம்பு ஓட்டச் சோதனை ஒன்று எழுதித் தருவார்கள். சுண்டுவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒட்ட முடிகிறதா? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை மறுகையைவிட வற்றியிருக்கிறதா? விளக்கடியில் இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனை மறுகையில் பிடியுங்கள்.

கோணக்கை | இரவு 11.08

பார்த்தேன். கொஞ்சம் வற்றித்தான் இருக்கிறது. மகன் வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டுவிட்டான். அரைக்கை ரவிக்கைதான் போட்டுக்கொண்டு போகப்போகிறேன்.